மூன்றாவது தெரு, இருபத்தேழாம் எண்

ஊருக்கு வெளியே வீடு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஏன் அங்கே வாங்குகிறோம் என்று தெரியாது. மீதிப் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதே தெரியாது. நான் இரண்டு பாதியிலும் இருந்தவன்.

அப்போது தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி சுமதி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நிலா. நான் பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே வருடத்தில் என் துறையில் மூன்று பேர் ஊருக்கு வெளியே வீடு வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து டீ நேரத்தில் வேறு பேச்சே இல்லை.

"எங்க ஏரியால ராத்திரி தவளை கத்துது சார்!" என்பார் ஒருவர், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி.

நான் அம்மாபேட்டைப் பக்கத்து கிராமத்தில் பிறந்தவன். தவளைச் சத்தம் கேட்காத இடத்துக்குப் போகவேண்டும் என்றே படித்து முன்னேறியவன். (முன்னேறியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.) இப்போது அதையே விலை கொடுத்து வாங்க வேண்டும் போலிருந்தது.

மாரியம்மன் கோயிலைத் தாண்டி, வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த மகிழம்பூ நகரில் ஒரு வீடு இருப்பதாக ஏஜெண்ட் ஒருவர் கூட்டிப்போனார். இருட்டுகிற நேரத்தில், அவருடைய பைக்கில், அவருக்குப் பின்னால். வழி முழுக்க நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். வீட்டுக்குள் கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் நாலு சுவரைப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் "ஏன் அங்கே?" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். சுமதியிடம், பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை என்றேன். அப்பாவிடம், வாசலிலேயே மாடு கட்டலாம் என்றேன். பட்டுக்கோட்டையில் இருக்கும் என் மாமனாரோ அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றேன். ஆளுக்கொரு காரணம் சொன்னதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. அவரவருக்குப் பிடித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மூன்று பேரையும் ஒரே வண்டியில் ஏற்றுவேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். "வாங்க சார், எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்" என்று ஏஜெண்ட் முந்தின நாளே சொல்லியிருந்தார். சுமதி கிளம்பும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எனக்குப் பிடிக்கலன்னா அட்வான்ஸை திருப்பி வாங்கிடணும்." நானும் தெம்பாகத் தலையாட்டினேன்.

ஆம்னி வேன் மகிழம்பூ நகருக்குள் நுழைந்து, மூன்றாவது தெருவில் இருபத்தேழாம் எண் வீட்டு முன்னால் நின்றது. வாசலில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். ஏஜெண்டைக் காணோம், உள்ளே வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். ஒரு பெண் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

"என்னங்க, வீடு விக்கறவங்க இவ்வளவு செலவு பண்ணுவாங்களா?" என்று சுமதி காதருகில் கேட்டாள்.

"இப்பல்லாம் அப்படித்தான். கஸ்டமரை நல்லா கவனிக்கறாங்க."

இலை போட்டார்கள். பொங்கலில் மிளகு போதவில்லை என்று வீடு விற்கிற கம்பெனியிடம் சொல்லச் சொன்னார் மாமா. பரிமாறியவர் விழித்தார். உள்ளே ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை. வாஸ்துவுக்காக ஹோமம்கூடப் பண்ணித் தருகிறார்கள் என்று நான் விளக்கினேன்.

சாப்பிட்டதும் வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன். அன்று பார்த்தபோது மாடிப்படி இடது பக்கம் இருந்ததாக ஞாபகம். இப்போது வலது பக்கம் இருந்தது. அன்று வேறு பக்கமிருந்து வந்திருப்போம், அதனால் படி மாறித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (நான் டிராயிங் வாத்தியார் என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்த வெட்கமாக இருக்கிறது.)

பட்டு வேட்டி கட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அறை அறையாக எங்கள் பின்னாலேயே வந்தார். சைட் சூப்பர்வைசர் என்று நினைத்தேன். பூஜை அறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இதை இடிச்சா மேல தாங்குமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார் இடிக்கணும்?"

"ஹால் சின்னதா இருக்கே. சாமி ரூம் இவ்வளவு பெருசு தேவையில்ல. இடிச்சிடலாம்."

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க மாலதி சொந்தமா சார்?"

"மாலதி யாரு? நான் இந்த வீட்டை வாங்கியிருக்கேன்."

அவர் சட்டென்று உள்ளே திரும்பி, "மாலதீ!" என்று கத்தினார். சந்தனம் கொடுத்த பெண் ஓடிவந்தார். பட்டு வேட்டிக்காரர் என் பக்கம் திரும்பினார்: "எட்டு வருஷமா சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை பார்த்து வாங்கின வீடு சார் இது. இன்னிக்குக் காலைலதான் பால் காய்ச்சினோம்."

அவர் பெயர் கருணாகரன். தன் பத்திரத்தை எடுத்துவந்தார். மகிழம்பூ நகர், மூன்றாவது தெரு, இருபத்தேழு. நான் பையிலிருந்து என் ஒப்பந்த நகலை எடுத்தேன். மூன்றாவது தெரு, இருபத்தேழு. ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார். மாலதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுமதி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் அழுதார்கள், யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. "போலீஸுக்குப் போகலாம்" என்றார் ஒருவர். "எந்த ஸ்டேஷன் எல்லைல வரும்?" என்றார் இன்னொருவர். கருணாகரன் என் சட்டையைப் பிடிப்பாரா, என் தோளில் சாய்ந்து அழுவாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

"மாட்ட எங்கடா கட்டறது?" என்று கொல்லைப்பக்கமிருந்து கேட்டார் அப்பா. அவர் அதுவரை எதையும் கவனிக்கவில்லை.

மாமாதான் எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு காகிதங்களையும் வாங்கி, பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க இறங்க வேண்டிய ஸ்டாப் இது இல்ல. அவங்களுது மகிழம்பூ நகர். உங்களுது மகிழம்பூ நகர் விரிவு."



"விரிவு வாய்க்காலுக்கு அந்தாண்ட சார்," என்றார் கருணாகரன் மெதுவாக. பிறகு, "அப்ப என் சுவரை இடிக்க மாட்டீங்கள்ல?"

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. நான் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட சுமதி, "இங்கேருந்து ஸ்கூல் அஞ்சு நிமிஷம்தானே?" என்று மாலதியிடம் கேட்டாள்.

"அஞ்சு நிமிஷமா? வேன் வந்து ஏத்திக்கும். முக்கா மணி நேரம் ஆகும்ங்க."

"பஸ்ஸு?" என்றார் மாமா.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாயங்கால பஸ் சில நாள் வராது."

"மாடு?" என்றார் அப்பா.

"நகர் சங்கத்துல மாடு கட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கய்யா."

டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பதுபோல் மாமா என்னைப் பார்த்தார். "அப்ப எதுக்குடா இங்க வாங்கின?" என்று கேட்டார் அப்பா. மூன்று பேருக்கும் பொருந்துகிற ஒரு பதிலைத் தேடினேன்.

"தவளை" என்றேன்.

"என்னது?"

"ராத்திரி தவளை கத்துமாம்."

என்னைக் காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ, கருணாகரன் குறுக்கே வந்தார். "எனக்கும்தாங்க ஏன் வாங்கினோம்னு தெரியல. போட்டோ பாத்து வாங்கினேன். மாலதி சொன்னா."

"நான் எங்க சொன்னேன்? நீங்கதானே அங்கேருந்து போன் பண்ணி, இதான் நல்ல ஏரியான்னீங்க!"

"நீ சொன்னதைத்தானே நான் சொன்னேன்!"

அவர்கள் சண்டை ஓயக் கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு கருணாகரன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் மதகைத் தாண்டினார். என் நிஜமான இருபத்தேழாம் எண் அங்கே இருந்தது. பூச்சு வேலை முடியவில்லை, வாசலுக்குக் கதவில்லை. மாடிப்படி இடது பக்கம். உள்ளே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு ரோஜா மாலையோடு ஏஜெண்ட் தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து காத்திருக்கிறாராம். போனில் சார்ஜ் இல்லையாம்.

சுமதி அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். அட்வான்ஸை எப்படித் திருப்பிக் கேட்பது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மதகின் மேல் மாலதி வேகவேகமாக வருவது தெரிந்தது. ஒரு கையில் கேசரி டப்பா. இன்னொரு கையில் நிலா அங்கே மறந்துவிட்டு வந்த செருப்பு.

சுமதி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே, "சரி, இங்கயே வந்துடலாம்" என்றாள்.

"பிடிச்சிருக்கா? ஏன்?" என்றேன், ஆச்சரியத்தில்.

"நீங்க மட்டும் யாரையும் ஏன்னு கேக்காதீங்க."

குடிவந்து ஏழு வருடமாகிறது. நிலா இன்னும் முக்கால் மணி நேரம் வேனில் போகிறாள். மாமா சாயங்கால பஸ்ஸுக்காகக் காத்திருந்து, பின் ஆட்டோவில் வருகிறார். அப்பா மாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். கருணாகரன் சிங்கப்பூரை விட்டுவந்து மெயின் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் போன் போட்டு என்னைக் கூப்பிட்டுவிடுவார். நான் போய் உட்கார்ந்ததும், வந்தவர்களிடம் சொல்வார்:

"சார்தான் எங்க வீட்டை எங்களுக்கே சுத்திக் காட்டினவரு."

முழுக் கதையையும் மாலதி சொல்வார். வருடா வருடம் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வருகிறேன். வந்தவர்கள் சிரித்து முடித்ததும், தவறாமல் யாராவது ஒருவர் கேட்பார்: "அந்தச் சுவரு எது சார்?"

நான் எழுந்துபோய்க் காட்டுவேன்.