டெல்லாவின் பயமும் மஞ்சள் குஞ்சம் வைத்த விளக்குக் குல்லாவும்

சிகாகோ,
மார்ச் 1933, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் எம்மெட் அவர்களுக்கு, உங்கள் தங்கை டெல்லாவைக் கட்டிக்கொண்ட ஆர்வில் டான்ஸ்லி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும், குட்டி போட்டிருக்கும் அந்தப் பெரிய பன்றியும் சுகமாக இருக்கக் கடவுள் அருள் புரியட்டும்.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்க உங்கள் விதைக்கடையில் ஊரையே கூட்டி வைத்திருந்தீர்களாம். பாதி நேரம்வரை டெல்லா குரல்தான் வந்ததாம், என் குரலைக் காணோமாம். ரேடியோவில்தான் கோளாறு என்று கொல்லர் கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியைத் திருகப்போய், இறங்கத் தெரியாமல் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். அவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லவும். ரேடியோவில் கோளாறு இல்லை. என்னிடமும் இல்லை. டெல்லாவின் பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உங்கள் கூடப்பிறந்தவள் என்பதால் பதமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். மேடையில் நான் கேள்வி கேட்பேன், அவள் கோணலாகப் பதில் சொல்வாள், ஊர் சிரிக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் சோறு போட்டது. இப்போது நாடகக் கொட்டகைகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகை ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது ரேடியோ ஒன்றுதான். இருமல் மிட்டாய் கம்பெனி முதலாளி மிஸ்டர் ப்ளங்கெட், விளம்பரத்துக்காகத் தான் வாங்கியிருக்கும் ரேடியோ நேரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். அவர் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்பார். சிரிப்பு வந்தால் வாராவாரம் எங்களுக்கு. வராவிட்டால் அந்த நேரம் அக்கார்டியன் பெட்டி வாசிக்கிற ஒருவனுக்கு. அந்த ஆள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ நடையிலேயே காத்திருந்தான், வீட்டில் சாவு விழக் காத்திருக்கிற பங்காளி மாதிரி. எங்களுக்கு வேறு தொழில் தெரியாது. நான் மாடு கறக்கும் லட்சணத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

மேடையில் ஜனம் இருமும், கடலை கொறிக்கும், கதவை டமால் என்று சாத்தும். அதெல்லாம் நமக்கு ஒரு தைரியம். ஸ்டுடியோவில் ஒன்றும் கிடையாது மச்சான். நாலு சுவர், ஒரு கண்ணாடி, நடுவில் கம்பியில் நிற்கிற ஒரு இரும்பு வட்டம், அதுதான் மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வாயைத் திறந்து சிரித்தாலும் இந்தப் பக்கம் சத்தமே வராது. டெல்லா பாவம், எப்படி நடுங்கியிருப்பாள் பாருங்கள். ஒத்திகையில், பேச ஆரம்பிக்கலாம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கேள்வி என்னுடையது. அவளுக்குப் பயம் தெளியட்டுமே என்று நான் பொறுத்துக்கொண்டேன். மறுபடி எரிந்தது, மறுபடியும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை நிலைய மேலாளர் ஹாபர் உள்ளே வந்து என் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். அதிலும் பாதி தரையில் கொட்டியது. டெல்லா பக்கத்தில் நின்றுகொண்டு நடுங்கினால் என் கை எப்படி நிலையாக இருக்கும்?

அவளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காத்திருக்கும் அறையிலிருந்த மேஜை விளக்கின் குல்லாவை, பூப்போட்ட துணியில் மஞ்சள் குஞ்சம் தொங்குகிற குல்லா, அதைக் கழற்றிக்கொண்டு வந்து மைக் தலையில் மாட்டினாள். இரண்டு நாற்காலி போட்டாள். வீட்டிலிருந்து என் செருப்பையும் பழைய செய்தித்தாளையும்கூடக் கொண்டுவந்தாள். "இது நம்ம வீட்டு விளக்கு ஆர்வில். நீ பேப்பர் படி. நான் சும்மா தொணதொணன்னு பேசுறேன். தினம் நடக்கறதுதானே" என்று சொன்னாள். தன் பயத்துக்கு மருந்து தேடுகிறவள் என் செருப்பை எதற்குக் கொண்டுவந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். குனிந்து என் காலில் மாட்டிவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் நிலையத்து ஆர்கன்காரர் ஆரம்ப இசை வாசித்து முடித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வழக்கம்போல் பொறுத்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஹாபர் அக்கார்டியன்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டார், அவன் எழுந்தே விட்டான். அப்போதுதான் டெல்லா குல்லாவுக்குள் குனிந்து, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"இவர்தாங்க என் புருஷன். கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் கேட்டப்ப 'சம்மதம்'னார். அதுதான் கடைசியாப் பேசினது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆர்வில், என்னைவிட அழகி யாரையாவது பாத்திருக்கியா? பாக்கலைன்னா பேசாம இரு" என்றாள். நான் பேசவில்லை. "பாத்தீங்களா, என்ன ஆசை" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் ஹாபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அப்படியே பாதி நேரத்தை ஓட்டினாள் மச்சான். பயந்தவளாச்சே, அதனால்தான் அவ்வளவு பேச்சு.

பிறகுதான் அவள் அந்த அநியாயத்தைச் செய்தாள். "போன கோடையில எங்க அண்ணன் எம்மெட் ஆத்துல ஒரு கெளுத்தி பிடிச்சார், கன்னுக்குட்டி தண்டி. இவரும் கூட இருந்தார், புழு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு."

நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? செய்தித்தாளை வீசிவிட்டுக் குல்லாவைப் பார்த்தே சொன்னேன், "அந்தக் கெளுத்தியைப் பிடிச்சது நான்."

"தூண்டில் யாரோடது?"

"எம்மெட்டோடது."

"படகு?"

"அதுவும் எம்மெட்டோடதுதான்."

"அப்ப உன்னோடது எது?"

"மீன்."

அத்தனை வருஷமாகக் கேள்வி கேட்டவன் நான், அன்றைக்குப் பதில் சொல்கிறவனாக ஆகிவிட்டேன். வாய் திறந்தது திறந்ததுதான், ஆர்கன்காரர் வந்து எங்கள் பேச்சுக்கு மேலேயே வாசித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ப்ளங்கெட் வீட்டிலிருந்து போன் வந்தது. சிரித்ததில் அவருக்கே இருமல் வந்து சொந்த மிட்டாயைச் சாப்பிட்டாராம். இனி வாராவாரம் எங்களுக்குத்தான். ஒரே நிபந்தனை: முதல் பாதி நான் வாய் திறக்கக்கூடாது, இரண்டாம் பாதியில் மீன் கட்டாயம் வரவேண்டும். அக்கார்டியன்காரன் எனக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனான், நல்ல மனுஷன். நானும் டெல்லாவும் வீடு வரைக்கும் நடுத்தெருவில் சிரித்துக்கொண்டே நடந்தோம். இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்து எத்தனையோ நாளாயிற்று.

ஆகவே உங்கள் தங்கையைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் விஷயத்தில் உண்மை என்ன என்பது நம் இருவருக்கும் தெரியும். உங்கள் சோளம் செழிக்கட்டும், கொல்லர் பத்திரமாக இறங்கியிருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
ஆர்வில்

பின்குறிப்பு: இதை டெல்லா வாங்கிப் படித்தாள். கோபிக்கவில்லை. "எழுதினதெல்லாம் நிஜம்னா என் முகத்தைப் பாத்து வாய்விட்டுப் படி" என்றாள். எழுந்து நின்றேன். ஒரு எழுத்து வரவில்லை. அவள் உள்ளே போய், ஸ்டுடியோவிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த அந்தக் குல்லாவை எடுத்துத் தன் தலையில் கழுத்துவரை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லு ஆர்வில்." சொல்லிவிட்டேன் மச்சான். பயம் எனக்குத்தான். மீன் உங்களுடையதுதான். குல்லாவுக்குள்ளிருந்து ரொம்ப நேரம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, குஞ்சமெல்லாம் ஆடியது. தயவுசெய்து இதை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ரேடியோவில் அந்த மீனை நான்தான் பிடிக்கவேண்டும்.