மேரி அக்காவின் காரை அறுத்த ஜெர்மன் அண்ணை

மனைவியின் பெயரில் இருக்கும் காரை, மனைவி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து ரம்பத்தால் அறுத்துவிட்டு, "டீ ஏதும் இருக்கோ பிள்ளை?" என்று நிதானமாகக் கேட்ட மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். இன்னொருவர் எங்காவது இருந்தால், அந்த ஊர்க் கார்களை நினைத்துப் பரிதாபப்படுகிறேன்.

அவரை எல்லோரும் ஜெர்மன் என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் ஜெர்மன் அண்ணை என்பார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். பிறந்தது இலங்கை மன்னார். பதினைந்து வருஷம் ஜெர்மனியில் ஒரு பட்டறையில், மோதி நசுங்கிய கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் வேலை பார்த்தவர். பிறகு, மகள்கள் இருவரும் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்துவிட்டார். இரண்டாயிரத்து மூன்றில் நானும் என் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக லண்டன் போனபோது, பிளேஸ்டோவில் அவர் வீட்டு மாடிக்குத்தான் வாடகைக்குக் குடிபோனோம். சமையலறை இரு வீட்டுக்கும் பொது.

ஒழுங்கு என்றால் அப்படியோர் ஒழுங்கை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் ஆறு ஐம்பத்தெட்டுக்கே வாசலில் வந்து நிற்பார். ஏழு அடிக்கும்வரை காத்திருந்து மணியை அமுக்குவார். தன் சொந்த வீட்டு மணியை. சாவி சட்டைப் பையிலேயே இருக்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கு லண்டனில் கிடைத்தது, ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அவருடைய ஜெர்மன் சான்றிதழ்களைப் பட்டறைக்காரர்கள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்கோ ஆங்கிலம் பாதியில் நின்றுவிடும். மீதியை ஜெர்மனில் முடிப்பார். கிடங்கில் பெட்டிகளை ரசமட்டம் வைத்து அடுக்குகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

இனி காருக்கு வருவோம். அது நீளமான ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். ஜெர்மனியிலிருந்து குடும்பமும், தட்டுமுட்டுச் சாமான்களும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதா சொரூபமும் லண்டன் வந்து சேர்ந்தது அதில்தான். வாங்கும்போதே மனைவி மேரி அக்கா பெயரில் பதிந்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் அக்காவே அதைக் கழுவித் துடைப்பார். அவ்வளவு பிரியம்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்கா பாட்டுக் குழுவின் பயிற்சிக்காக சர்ச்சுக்குப் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் கராஜ். அங்கிருந்து கிர்ரென்று ஒரு சத்தம் வர, மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. நான் இறங்கிப் போவதற்குள் காரின் கூரையில் பின்பாதி புல் தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜெர்மன் அண்ணை நின்றார். அப்போதுதான் டீ கேட்டார்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க? அக்கா பாத்தா என்ன ஆகும்?"

"இது இனி பிக்கப் பிள்ளை. முன்னாலை மூண்டு பேர் இருக்கலாம். பின்னாலை திறந்த பெட்டி. உள்ளுக்கை எட்டு சிலிண்டர் எஞ்சின் வரும். அமெரிக்கன் எஞ்சின், சொல்லி வைச்சிருக்கிறன்."

"இருந்த காருக்கு என்னண்ணே குறை?"

கையுறையைக் கழற்றி, விரல் விரலாக மடித்து வைத்தார். "பதினைஞ்சு வருஷம் மற்றவையின்ரை காரை முந்தி எப்பிடி இருந்ததோ அப்பிடியே ஆக்கிக் குடுத்தன். ஒரு மயிரிழை மாறக்கூடாது. மாறினா வேலை பிழை. இப்ப பெட்டி அடுக்கிறன். நான் சாகிறதுக்கு முதல், முந்தி இல்லாத ஒண்டைச் செய்யவேணும் பிள்ளை. ஒண்டே ஒண்டு."

நான் டீ போடப் போனேன். வேறு என்ன செய்வது?

மேரி அக்கா பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே சந்தில் நின்று காரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். உள்ளே போய்ச் சமைத்தார். அன்றிலிருந்து பதினோரு மாதம் ஜெர்மன் அண்ணையோடு நேரடியாக ஒரு சொல் பேசவில்லை.

நேரடியாகத்தான் பேசவில்லை. என் வழியாக நிறையப் பேசினார். மூவரும் ஒரே சமையலறையில் மூன்றடி தூரத்தில் நிற்போம்.

"தங்கச்சி, சாப்பிடப் போறாரோ எண்டு கேளுங்கோ."

"அண்ணே, சாப்பிடறீங்களான்னு அக்கா கேக்குறாங்க."

"ஓம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. குழம்பிலை நேற்று உப்புக் கொஞ்சம் கூட எண்டும் சொல்லுங்கோ."

"கூடினதை வெட்டிக் குறைக்கிறதிலை அவர் கெட்டிக்காரர்தானே எண்டு சொல்லுங்கோ."

ஆபீசில் அந்த வருஷம் என் பொறுமையைப் பாராட்டி எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். பயிற்சி எங்கே கிடைத்தது என்று நான் சொல்லவில்லை.

இதற்கிடையில் கராஜில் நடந்ததை எழுத எனக்கு அந்தத் தொழிலின் மொழி போதாது. பார்த்ததைச் சொல்கிறேன். கூரையை அறுத்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும் என்று, அறுப்பதற்கு முன்பே அடியில் இரும்புச் சட்டம் ஒட்டி முடித்திருந்தார். பின்கதவின் கண்ணாடியைக் கழற்றி முன்னே கொண்டுவந்து, இருக்கைக்குப் பின்னால் புதுச் சுவர் எழுப்பி அதில் பொருத்தினார். அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் அது உட்கார்ந்துகொண்டது. பின்பக்கக் கதவுகள் இரண்டையும் மூடி வெல்டிங்கால் ஒட்டி, மேலே தகடு போர்த்தினார். அங்கே கதவு இருந்தது என்று கோர்ட்டில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எனக்கு வழுவழுவென்று தெரியும் இடத்தில், "இஞ்சை ஒரு மேடு நிக்குது" என்பார்.

"ஒரே மூச்சா ஒட்ட வேண்டியதுதானே அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரு பொட்டு வைப்பார், தள்ளிப் போய் இன்னொரு பொட்டு வைப்பார், பிறகு சும்மா நிற்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சூடு கூடினாத் தகடு கோவிச்சுக்கொண்டு நெளிஞ்சு போகும். ஆறவிடவேணும்."

"அக்காவுக்கும் இதே வைத்தியம்தானா?"

அவர் சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார். "அது தடிச்ச தகடு பிள்ளை. ஆற நாள் செல்லும்."

எஞ்சின் வந்தது. அதை முதன்முதலாகக் கிளப்பிய ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. தெருவில் நின்ற கார்களெல்லாம் அலாரம் அடித்தன. சத்தத்தைப் பற்றி மாதக்கணக்காக முறையிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வேகமாக வெளியே வந்தார். இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். அவர் அந்த வண்டியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து சந்தில் போட்டு உட்கார்ந்தார். மாலைவரை எழுந்திருக்கவில்லை.

வண்டியை வெளியே எடுக்கும்போதுதான் தெரிந்தது. அகலமான புதுச் சக்கரங்களுக்காக இரண்டு பக்கமும் உடம்பைப் புடைக்க வைத்திருந்தார்; அது கராஜ் கதவைவிட நான்கு விரல்கடை அதிகம். உலகத்தில் ஜெர்மன் அண்ணை அளக்காமல் விட்ட ஒரே பொருள் அந்தக் கதவு. செங்கல்லைப் பெயர்த்து, வண்டியை வெளியே எடுத்து, சுவரைத் திரும்பக் கட்டினார். கட்டிய சுவர் பழைய சுவரைவிட நேராக இருந்தது.

வண்டி சாலையில் ஓட வேண்டுமென்றால் வருடாந்தரச் சோதனையில் தேற வேண்டும். உரிமையாளர் மேரி அக்கா என்பதால் அவரும் வரவேண்டும் என்று என் மூலம் தகவல் அனுப்பினார் அண்ணை. வருகிறேன் என்று என் மூலம் பதில் வந்தது. முன் இருக்கையில் மூவரும் போனோம். நடுவில் நான் மதில் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வழி முழுக்க எஞ்சின் மட்டும் பேசியது.

சோதனைக்காரர் பெரிய மீசைக்காரர். வண்டியைத் தூக்கி, அடியில் விளக்கைப் பிடித்து, ஒட்டிய இடங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் பார்த்தும் ஒரு குறையும் சிக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. இது எந்தக் கம்பெனி செய்த வேலை, அவர்களுடைய காகிதம் எங்கே என்று கேட்டார். அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறந்தார். ஆங்கிலம் வரவில்லை, இரண்டு ஜெர்மன் சொற்கள் வந்தன, பிறகு அதுவும் நின்றுவிட்டது. பெயர் சொல்லமுடியாத ஆள் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்று சோதனைக்காரர் தலையை ஆட்டினார். அண்ணை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு மாதத்தில் அவர் சிறுத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஓரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரி அக்கா எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

"இது என்னுடைய கார். அறுத்தவர் இவர். ஒட்டியவரும் இவர்தான். பதினோரு மாதமாக என் சமையலறை ஜன்னலில் நின்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். கூரையைத் தாங்கும் இடப்பக்கத் தூணில் ஓர் இடம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்று மூன்று தரம் அறுத்து மூன்று தரம் ஒட்டினார். அது எந்த இடம் என்று உங்களால் சொல்லமுடியுமா?"

சோதனைக்காரர் விளக்கோடு போனார். தூணை மேலிருந்து கீழே தடவினார், கீழிருந்து மேலே தடவினார். உள்ளே இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். இருவராலும் முடியவில்லை. அக்கா போய் ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். காட்டிய பிறகும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "வாய் இருக்குத்தானே உங்களுக்கு? நான்தான் செய்தனான் எண்டு சொல்லவேண்டியதுதானே?"

அண்ணை பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்து, "பிள்ளை, அவவிட்டைச் சொல்லுங்கோ..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை அது.

வண்டி தேறியது. அதோடு முடியவில்லை. சோதனைக்காரர் அங்கேயே நின்று, பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்த தன் நண்பருக்குப் போன் செய்தார். அந்த நண்பர் வந்து தூணைத் தடவிப் பார்த்தார். சான்றிதழ் எதையும் கேட்கவில்லை, எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் கிடங்குப் பெட்டிகள் கோணலாக அடுக்கப்பட ஆரம்பித்திருக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் நாங்கள் செவன் கிங்ஸுக்கு வீடு மாறினோம். சாமான்களை வேறு வண்டியில் ஏற்றவே அண்ணை சம்மதிக்கவில்லை. கட்டில், மிக்ஸி, என் மாமியார் அனுப்பிய ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் பிக்கப்பின் பின்னால் அளந்து அடுக்கிக் கட்டினார். நான் முன்னால் ஏறி, இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எட்டு சிலிண்டரின் முழு வேகம் என்னவென்று அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம்.

வண்டி சைக்கிள் வேகத்தில் கிளம்பியது. பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. மார்க்கெட் பையோடு நடந்துபோன ஒரு பாட்டி கொஞ்ச தூரம் எங்களுக்குச் சமமாக வந்தார். ரயிலில் கிளம்பிய என் கணவர் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, புது வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போகலாமே?"

"பின்னாலை உங்கடை ஊறுகாய்ப் போத்தல் இருக்குப் பிள்ளை," என்றார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவன் கிங்ஸ் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.