யாருக்கும் சொல்லாமல் போட்டது

நீக்கிய பிறகும் அது வேலை செய்தது. அவன் மறுபடி தட்டிப் பார்த்தான், மறுபடியும் செய்தது.

படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரி போட்டுத் தரும் சின்ன அலுவலகம் அது. சர்வர் ஒன்று, எல்லாருக்கும் லாகினும் ஒன்றுதான். ஒரு படத்தின் ஃபோல்டருக்குப் போக வேண்டுமானால் கருப்புத் திரையில் ஆண்டு, கம்பெனி, படம், மொழி, பதிப்பு என்று அனுமார் வால் நீளத்துக்குத் தட்ட வேண்டும்.

அதற்குப் பொறுமை இல்லாமல், வேலையில் சேர்ந்த மறுநாளே அவன் ஒரு குட்டிக் கருவியை இறக்கி நிறுவினான். அடிக்கடி போகிற இடங்களை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பெயரில் நாலு எழுத்துத் தட்டினால் போதும், நேரே கொண்டுபோய் விட்டுவிடும். நிறுவும்போது திரையில் ஏதேதோ எச்சரிக்கை வரிகள் ஓடின. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? அவன் கால் வைக்காத ஃபோல்டருக்குக்கூட அது முதல் நாளே வழி தெரிந்து வைத்திருந்தது. பலே கெட்டிக்காரக் கருவி என்று மெச்சிக்கொண்டான்.

சுவரில் ஒட்டியிருந்த மேலாளரின் உத்தரவு அப்புறம்தான் கண்ணில் பட்டது. சர்வரில் யாரும் எதையும் நிறுவக் கூடாது.

இன்று மாலை அவனுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று மேலாளர் அம்மாள் சொல்லப்போகிறார். இந்த வேலையும் போய்விட்டால் வீட்டில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பயத்தில்தான் காலையிலேயே கருவியை நீக்கினான். நாலு எழுத்துத் தட்டிப் பார்த்தால் அது சமர்த்தாக அதே ஃபோல்டரில் கொண்டுபோய் நிறுத்தியது.

வேர்த்துக் கொட்ட, சர்வரைத் துழாவினான். வேறொரு மூலையில் இன்னொரு பிரதி இருந்தது. தானே இரண்டு தடவை போட்டுவிட்டோம் போல என்று அதையும் நீக்கினான்.

எதிர் மேசை அக்கா தலையை நிமிர்த்தினார். “என்னப்பா இது, லாகின் பண்ணினாலே எதையோ காணோம் காணோம்னு பொலம்புது?”

“நெட்வொர்க்கா இருக்கும்க்கா.”

லாகின் ஆகும்போது கருவியைக் கூப்பிடுகிற வரிகள் இன்னும் அப்படியே இருந்தன. அவசர அவசரமாக அவற்றை அழித்தான். பக்கத்து வரிகளும் கூடவே போயின.

“இப்ப என்னோட ஷார்ட்கட் ஒண்ணையும் காணோமே.”

“நெட்வொர்க்தான்க்கா.”

“நெட்வொர்க் இவ்வளவு பாத்துப் பாத்தாப்பா திருடும்?”

மிச்சம் இருந்தது கருவியின் நினைவு மட்டும். நாம் எங்கே திரும்பத் திரும்பப் போகிறோம் என்று நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. தடயம் எதற்கு என்று அதையும் அழித்தான். பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், அந்த நீள வழியில் ஆண்டுக்கு அடுத்து என்ன என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

மாலை மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மறைத்தது போதும், உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனான்.

மேலாளர் அம்மாள் ஒற்றை விரலால் எதையோ நீளமாகத் தட்டி, தப்பாகி, மறுபடி முதலிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், நானே சொல்லிடறேன்...”

“மொதல்ல கதவைச் சாத்துங்க.”

சாத்தினான். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“வேலை நிரந்தரம்தான், அதை விடுங்க, நான் மூணு வருஷமா யாருக்கும் தெரியாம சர்வர்ல ஒரு டூல் போட்டு வெச்சிருந்தேன், இன்னிக்கு எந்தப் புண்ணியவானோ எடுத்துட்டான், வெளிய மூச்சு விடாம திரும்பப் போட்டுத் தர முடியுமா?”