ஸ்ரீவைகுண்டத்தில் நான் நடந்து காட்டியது

இளைப்பதற்காக ஓடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் நொண்டுவார்கள். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. இப்போதெல்லாம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குக் குதிகால் வலிக்கிறது.

எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெண்ணுக்கு என் ஜாதகம் பொருந்திவிட்டது. அம்மா அனுப்பிய போட்டோவும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அது கல்லூரியில் எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு புரோட்டாக் கடையைத் தனியாளாக வாழவைத்திருந்தேன். ஏற்கெனவே இரண்டு வீட்டார் என்னை நேரில் பார்த்ததும் காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் அம்மா தாங்க மாட்டாள். (நானும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.)

ஆகவே ஓடினேன். உப்பள வரப்பில், அத்தானிடம் இரவல் வாங்கிய இறுக்கமான கேன்வாஸ் ஷூவில். அந்தக் காலத்தில் வளர்ந்த ஆள் காரணமில்லாமல் ஓடினால் ஊர் பொறுக்காது. உப்பு வாருகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, யாரு வெரட்டுதாவ?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். முதலில் கட்டைவிரல் நகம் கறுத்தது. அப்புறம் முழங்கால், அப்புறம் குதிகால். பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. தொப்பை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

அம்மாவோடு நொண்டிக்கொண்டே பெண் வீட்டுக்குள் நுழைந்தேன். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவளுடைய பெரியப்பா நேராகவே கேட்டார்.

"மாப்ளே, காலு பொறவியிலேயே இப்படித்தானா?"

"சேச்சே, ஓடினதுல பிடிச்சிக்கிட்டு."

"ஓடினியளா? எதுக்கு?"

நான் மேல்துண்டை இழுத்துத் தொப்பையை மூடிக்கொண்டேன்.

"சரி, அங்கன தொழுவம் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டுங்க."

ஊரெல்லாம் பெண்ணைத்தான் நடக்கச் சொல்வார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நடப்பதென்ன, ஓடியே காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். நாலு எட்டுதான். கெண்டைக்கால் மறுபடியும் சுருட்டி இழுக்க, தொழுவத்து வைக்கோலில் முகங்குப்புற விழுந்தேன்.

போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று வைக்கோலுக்குள்ளேயே கிடந்தேன். அப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"எப்பா, அவியளுக்குக் காலு வலிக்கி. மொதல்ல உக்காரச் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வந்தாலும் நடந்து காட்டியாக வேண்டும். போன மாதம் பேத்தியைப் பார்க்க வந்த பையனும் சிரித்துக்கொண்டே வராந்தாவில் நடந்தான். என் மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் நடக்கான்," என்றாள் பேத்தியிடம். "ஆனா உங்க தாத்தா விழுந்த அழகு வராது."