நான்கு மூலை மீன்

அலை வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு முழம் வெறும் சுண்ணாம்பு இருந்தது.

எண்ணெய் வியாபாரி கிரிஸ்பஸ் வீட்டு விருந்தறைத் தரைக்கு லாபியோ சுற்றுக்கரை வரைந்துகொண்டிருந்தான். அந்தக் கோடுகளின்மேல் வண்ணக்கல் பதிப்பவர்கள் நாளைக்கு வருகிறார்கள். சுருள் சுருளான அலை ஒரு மூலையில் கிளம்பி, நாலு சுவரையும் சுற்றி, அதே மூலையில் தன் வாலைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு இறுகிக்கொண்டிருந்தது. இனிமேல் கோடு சேர்க்கலாமே தவிர அழிக்க முடியாது.

சாயங்காலம் கிரிஸ்பஸின் மாமியார் வோலும்னியா வருகிறாள். திஸ்திரஸ் ஊருக்கே குளியல்கூடம் கட்டுகிற சீமாட்டி. இந்தத் தரை அவளுக்குப் பிடித்தால் குளியல்கூடத்துத் தரை வேலையும் லாபியோவுக்குத்தான்.

லாபியோ இடைவெளியில் ஒரு டால்பினை வரைந்து அடைத்தான். கிரிஸ்பஸ் வந்து பார்த்தான். முகம் வெளிறியது.

"யோவ், இது எங்க அத்தை."

"டால்பினுங்க ஐயா."

"அந்தப் புருவத்தப் பாருய்யா. அந்த மூக்கு. குழம்புல உப்பு இல்லைன்னு சொல்ல வர்ற மாதிரியே பாக்குது."

லாபியோ தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவளை ஒருமுறை சந்தையில் பார்த்திருக்கிறான்.

"கன்னத்தக் கொஞ்சம் உப்ப வச்சா அடையாளம் மாறிடும்."

உப்ப வைத்தான்.

"போன வருஷம்தான் அவங்க இப்படி உப்பிப் போனாங்க" என்றான் கிரிஸ்பஸ்.

"அப்ப மீசை வச்சிடறேன். மீசை வச்ச பொம்பள ஏது?"

மீசையும் ஏறியது. கிரிஸ்பஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அத நாங்க யாரும் வெளிய பேசறதில்ல."

பழத்தட்டோடு வந்த சமையல்காரி நிகே மூலையைப் பார்த்ததும் பணிவாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

லாபியோவுக்கு வியர்த்தது. "ஒரே ஒரு மீன் இருந்தாத்தானே கண்ணு அதுமேலயே போகும்? நாலு மூலையிலயும் போட்டுட்டா வெறும் அலங்காரம்னு விட்டுருவாங்க."

வேறு யோசனை இல்லாததால் கிரிஸ்பஸ் தலையாட்டினான். லாபியோ மற்ற மூன்று மூலைகளில் அலைகளின் மேலேயே பருமனாக மூன்று டால்பின்களை ஏற்றினான். கை பழகிவிட்டதால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட அச்சு அசலாக வந்தது. கடைசி மீனின் முகவாயில் மருவும் விழுந்திருந்தது. அதை அவன் வேண்டுமென்று போடவில்லை.

"ஒருத்திய வச்சே சமாளிக்க முடியல, நாலு பேராக்கிட்டியே" என்று கிரிஸ்பஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பல்லக்கு இறங்கியது.

வோலும்னியா உள்ளே வந்தாள். முதல் மூலையில் நின்றாள். குனிந்தாள். இரண்டாவது மூலைக்குப் போனாள். மூன்றாவது. நான்காவதில் மருவை விரலால் தொட்டுப் பார்த்தாள். லாபியோ தன் சாமான் பையைச் சத்தமில்லாமல் கட்டத் தொடங்கினான்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிரிஸ்பஸ் எழுந்து ஓடினான். "அத்தை, தெரியாம நடந்து போச்சு..."

வோலும்னியா சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்கம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கான் மாப்பிள்ளை, என் குளியல்கூடத்துலயும் இவளையே வரையச் சொல்லு, ஊரே மிதிக்கட்டும்."