பெரிய வெள்ளியில் ஒரு பன்றி வறுவல்

தவக்காலம் முழுக்க இறைச்சியைத் தொடுவதில்லை என்று எலிஹியோ செய்த சபதம் பானி நகரத்தையே உலுக்கிவிட்டது. அதாவது, அவர் மனைவி நெரெய்தா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"சபதம் தவறினா உன் டோமினோ மேசையைக் கோயிலுக்குக் கொடுத்துருவேன், பாத்துக்க."

கூட்டாளிகளோடு டோமினோ ஆட வாசலில் போட்டிருக்கும் அந்த மேசைதான் எலிஹியோவுக்கு அலுவலகம், நாடாளுமன்றம், கடைசிப் புகலிடம். ஆகவே முப்பத்தெட்டு நாள் தாங்கினார். முப்பத்தொன்பதாம் நாள் பெரிய வெள்ளி. நெரெய்தா கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கிளம்பியதுதான் தாமதம், முந்தின நாளே வாங்கி ஒளித்திருந்த பன்றிக்கறி வாணலியில் விழுந்தது.

தின்றது பத்து நிமிடம். வாசனையோ குடித்தனமே வந்துவிட்டது.

எலுமிச்சை பிழிந்தார். எலுமிச்சை போட்ட பன்றி மணத்தது. வினிகர் தெளித்தார். ஊறுகாய்ப் பன்றி மணத்தது. காப்பித்தூளைக் கருக்கினார். பன்றி காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்துவிட்டது. கடைசியில் பட்டையும் லவங்கமும் கைநிறைய அள்ளிப்போட்டுக் கொதிக்கவிட்டார். பன்றி போயே போய்விட்டது. எலிஹியோ தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

வாசலில் பக்கத்து வீட்டு யோகாஸ்தா நின்றாள். கையில் கிண்ணம்.

"அண்ணே, தெருமுனை வரைக்கும் மணக்குது! அண்ணி தோள்வலி, இந்த வருஷம் பயறுப் பாயசம் கிடையாதுன்னாங்களே?"

அப்போதுதான் எலிஹியோவுக்கு உறைத்தது. பெரிய வெள்ளியன்று பட்டை, லவங்கம் மணத்தால் அந்த வீட்டில் பயறுப் பாயசம் வேகிறது என்று அர்த்தம். வெந்தால் தெருவுக்கே பங்கு. யோகாஸ்தாவுக்குப் பின்னால் இன்னும் பதினோரு கிண்ணங்கள்.

"ஆமாம்மா, நான்... நானேதான் கிண்டுறேன்."

"போன வாரம் அண்ணி கெஞ்சினப்போ, கிண்டுறது ஆம்பளை வேலையான்னு கேட்டீங்களாமே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெரெய்தா வந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். எலிஹியோ வாசலை மறித்து நின்றார்.

"அடடா, என் ராசா! பயறு ராத்திரியே ஊறப்போட்டுட்டேன். தேங்காய்ப்பால் அலமாரியில இருக்கு. கரண்டியப் பிடி."

தப்பித்தோம் என்று கிண்டினார். நாலு மணிநேரம். தோள் கழன்றது, மீசை ஆவியில் வெந்தது. கிண்ணங்கள் நாற்பதாகி, அறுபதாகி, கடைசிக் கிண்ணமும் நிறைந்து போனதும் சரிந்து உட்கார்ந்தார். போகட்டும், மேசை பிழைத்ததே!

நெரெய்தா குனிந்து காதருகே சொன்னாள்: "நாளைக்குக் காலையில மேசையைத் தூக்க ஆள் வருது. நீ கறி வாங்கினதைக் கடைக்காரர் பொண்டாட்டி நேத்தே சொல்லிட்டா."

"அடிப்பாவி! அப்ப வந்ததுமே கேட்டிருக்கலாமேடி?"

"கேட்டிருந்தா, அறுபது கிண்ணத்துக்கு யாருய்யா கிண்டுறது?"