உயிருள்ள பீரும் ஒரு கறுப்புக் கயிறும்

"ஏங்க, வீட்டுக்குள்ள எங்க பலாப்பழம் இருக்கு?"

சொர்ணவல்லி அடுப்படி வாசலில் நின்று மூக்கை உயர்த்திக் கேட்டபோது, அடைக்கலம் ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். ஒரு ஆண்பிள்ளை ஃப்ரிட்ஜில் சாய்ந்து நிற்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். அவன் இரண்டு கைகளையும் வேறு விரித்துவைத்திருந்தான்.

"பலாப்பழமா? நம்ம வீட்டுலயா?"

"கமகமன்னு வருதுங்க."

"கீரமங்கலத்துல பலா வாசம் வராம வேற என்ன வாசம் வரும்? மருதாயி அக்கா வீட்டுல அறுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டு, சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்து இழுத்த மூச்சிலும் பலா வாசம்தான் வந்தது.

ஃப்ரிட்ஜுக்குள், காய்கறித் தட்டுக்குப் பின்னால், செய்தித்தாள் சுற்றிய இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று ஒளிந்து நின்றது. அன்று காலையில்தான் சொர்ணவல்லியின் தம்பி சேரன் கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்குப் பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலை. பெரிய கம்பெனி இல்லை. பத்துப் பேர் சேர்ந்து, சின்ன அண்டாக்களில், ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு ருசியில் காய்ச்சுகிற இடம். போன மாதம் ஊருக்கு வந்தவன் சொந்தத் தோப்பிலிருந்து நாலு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த நாலும் இப்போது பீராகத் திரும்பி வந்திருந்தன.

அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, பாட்டிலைப் பிள்ளையை நீட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான் சேரன்.

"மாமா, இது உசுருள்ள பீரு. கடையில விக்கிற மாதிரி செத்த பீரு இல்ல. ஐஸ்லயே இருக்கணும். ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள குடிச்சிரணும், அதுக்கு மேல ருசி போயிரும்."

"மாப்ள, எனக்கும் ஞாயித்துக்கெழம மத்தியானம்தான்டா தோது."

"இன்னொண்ணு, மூடிய முழுசா இறுக்கிராதீங்க. காத்துப் போகணும். இல்லாட்டி வெடிச்சிரும். அப்புறம், மடமடன்னு குடிக்கிற சரக்கு இல்ல இது. வீட்டுல நிம்மதியா உக்காந்து, அக்கா கையால உப்புக்கண்டம் வறுத்து, முட்டை மாஸ் வச்சு, ஒரு வாய் அது, ஒரு வாய் இதுன்னு போகணும். நம்ம ஊருப் பழம், நம்ம ஊருச் சாப்பாட்டோடதான் சேரும்."

அப்படிச் சொல்லிவிட்டு, கீரனூரில் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டான். அடைக்கலத்துக்கு அப்போதே எச்சில் ஊறிவிட்டது.

ஆனால் குறுக்கே ஒரு கயிறு இருந்தது.

தை மாதக் கிடாவெட்டில், கருப்பர் கோயில் தோப்பில், அடைக்கலம் குடித்த குடி ஊர் அறிந்தது. மறுநாள் காலை கோயில் மரத்தடியில் கண் விழித்தபோது தலை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"ஆடி மொத ஞாயித்துக்கெழம வரைக்கும் இது கையில இருக்கணும். அன்னிக்குப் பூசாரியே அவுத்து விடுவாரு," என்றாள்.

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. எதற்கு என்று அவன் கேட்கவும் இல்லை. முந்தின நாள் குடித்த குடிக்குக் கேட்க வாய் எங்கே இருக்கிறது? குடியை விடக் கயிறு கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். கயிறோடு குடித்தால் கருப்பர் சும்மா விடமாட்டார் என்பதும் ஊரறிந்த சங்கதி. அவனோடு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிற பிச்சை, கயிறு கட்டின நாற்பதாம் நாள் அரை கிளாஸ் குடித்துவிட்டு, நின்ற மொபெட்டிலிருந்து கீழே விழுந்து கையை ஒடித்துக்கொண்டவன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தாலாவது விதி என்று சொல்லலாம்.

ஆகவே அடைக்கலம் ஆறு மாதமாகச் சொட்டு தொடவில்லை. முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. சொர்ணவல்லி சிரிக்க ஆரம்பித்தாள். அவன் சொல்கிற பழைய ஜோக்குக்குக்கூட. அந்தச் சிரிப்பைப் பார்க்கிறபோது அவனுக்கு உள்ளுக்குள் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை. பீரை விடவும் மனமில்லை. இந்த ஞாயிறுதான் ஆடி முதல் ஞாயிறு. அன்று முறைப்படி கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து, "சொர்ணம், இன்னிக்கு ஒரு நாள், வீட்டுல ஒன் கண்ணு முன்னால" என்று நேர்மையாகக் கேட்டுவிடலாம் என்பது அவன் திட்டம். அதற்கு முன்னால் பாட்டில் அவள் கண்ணில் பட்டால், கயிறு அடுத்த ஆடி வரைக்கும் போய்விடும்.

இவ்வளவையும் அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டது.

"மருதாயி அக்கா! பழம் அறுத்தீங்களாமே, எங்களுக்கு ரெண்டு சுளை கெடையாதா?" சொர்ணவல்லி சுவருக்கு மேலே எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கடி அறுத்தேன்? வாசம் ஒங்க வீட்டுலேருந்துதான் வருது. அறுத்துத் தின்னுபுட்டு எங்கிட்டயே கேக்குறியா?"

கீரமங்கலத்தில் பலாப்பழம் அறுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சுளை கொடுக்காமல் இருப்பது, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் இருப்பதற்குச் சமம். மருதாயி சுவருக்கு அந்தப் பக்கம் படாரென்று கதவைச் சாத்தினாள். சொர்ணவல்லி முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"இருவது வருசப் பழக்கங்க. ஒரு வாசத்துல போச்சு."

அடைக்கலத்துக்குப் பாவமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் எழுந்ததும் சந்தைக்கு ஓடினான். வீட்டில் ஒரு நிஜப் பழம் இருந்துவிட்டால் வாசத்துக்குக் கணக்கு நேராகிவிடும், மருதாயிக்கும் சுளை போய்விடும் என்பது யோசனை. அவசரத்தில் தட்டிப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. இருக்கிறதிலேயே பெரிய பழமாகப் பார்த்து, தோளில் தூக்கி வந்து அடுப்படியில் இறக்கினான்.

"நேத்தே பிச்சை குடுத்து விட்டது. வண்டிப் பெட்டிக்குள்ளயே வச்சு மறந்துட்டேன். அந்த வாசம்தான்."

"இது ஒங்க வண்டிப் பெட்டிக்குள்ளயா இருந்துச்சு?"

பழம் ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. வண்டிப் பெட்டியில் ஒரு குடையைக்கூட மடக்கித்தான் வைக்க முடியும்.

சொர்ணவல்லி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியை இறக்கினாள். வெள்ளையாகப் பால் வடிந்தது. சுளை பல்லில் கடித்தால் ரப்பர்.

"இது பழுக்க இன்னும் நாலு நாளாகும். இதுக்கு வாசமே இல்ல. அப்ப நேத்து வந்த வாசம் எதோடது?"

"அது... வேற காத்து."

மருதாயிக்கு இரண்டு சுளை போயிற்று. ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. "பழத்தத் தின்னுட்டுக் காய எனக்குக் குடுத்து விடுறாளா?" என்ற வசனமும் கூடவே வந்தது. இப்போது சொர்ணவல்லி மும்முரமாக வீட்டை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். பீரோ, அரிசிப் பானை, துணிக்கூடை. அடுத்தது ஃப்ரிட்ஜ்தான். இனி பாட்டில் வீட்டில் இருப்பது ஆபத்து என்று அடைக்கலத்துக்குப் புரிந்தது.

அவள் கொல்லைக்குப் போன ஒரு நிமிடத்தில் பாட்டிலை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு, குளிர் தாங்காமல் நெளிந்து நெளிந்து நடந்து, கடைத்தெரு பீட்டரின் மீன்கடைக்குப் போய்ச் சேர்ந்தான். பீட்டர் நல்ல மனுசன். யாருக்கு என்ன உதவி என்றாலும் கேட்பதற்கு முன்னால் செய்துவிடுவான். அதுதான் அவனிடம் உள்ள குறை.

"பீட்டரு, இத ஒன் ஐஸ் பெட்டியில ஒரு ஓரமா வையி. நாளைக்கு மத்தியானம் வாங்கிக்கிறேன்."

"என்னண்ணே இது?"

"மூட்டுவலிக்கு மருந்து. நாட்டு மருந்து. ஐஸ்லதான் இருக்கணும். வீட்டுல சொல்லிறாத, பயந்துரும்."

"ஐயையோ, நடையப் பாத்ததுமே நெனச்சேன்ண்ணே!" என்று பீட்டர் மனம் உருகி, பாட்டிலை வஞ்சிர மீனுக்கும் சங்கராவுக்கும் நடுவில் பத்திரமாக நிற்கவைத்தான்.

அன்று முழுக்க நிம்மதி. வீட்டில் வாசம் நின்றுவிட்டது. சொர்ணவல்லியும் தேடுவதை விட்டுவிட்டாள். அதோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே கேட்டாள்.

"இன்னிக்குக் கயிறு அவுக்கப் போறீங்கள்ல? திரும்பி வாரதுக்குள்ள ஒங்களுக்குப் புடிச்சதா செஞ்சு வைக்கிறேன். உப்புக்கண்டம் வறுக்கவா?"

"வறு."

"முட்டை மாஸ்?"

"அதுவும் வையி," என்றான் அடைக்கலம். இந்த உலகத்தில் தன்னைப்போல் அதிர்ஷ்டக்காரன் இல்லை என்று தோன்றியது. ஐஸில் பீர், அடுப்பில் உப்புக்கண்டம், வீட்டில் சிரிக்கிற மனைவி, நடுவில் ஒரே ஒரு முடிச்சு. அதையும் அவிழ்த்துவிட்டால் முடிந்தது.

கருப்பர் கோயில் ஏழு கிலோமீட்டர். பூசாரி அய்யாக்கண்ணு ஆடி முதல் ஞாயிறு என்பதால் மும்முரமாக இருந்தார். முன்னால் நாற்பது பேர். காதுகுத்து இரண்டு, புது டிராக்டருக்குப் பூசை ஒன்று. வரிசை டிராக்டர் வேகத்திலேயே நகர்ந்தது. அடைக்கலம் மணி பார்த்தான். பன்னிரண்டு. பன்னிரண்டரை. செல்போனை எடுத்துப் பார்த்தால் பீட்டரிடமிருந்து ஏழு அழைப்பு. உடுக்குச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. எட்டாவதாக அடித்தது சொர்ணவல்லி.

"ஏங்க, ஒங்களுக்கு மூட்டுவலியா?" அவள் குரலில் என்றைக்கும் இல்லாத ஒரு துள்ளல்.

"எனக்கா? இல்லையே. ஏன்?"

"பீட்டரு அண்ணன் வந்து மருந்து குடுத்துட்டுப் போனாரு. புது லோடு வந்துருச்சாம், ஐஸ் பெட்டியில எடமில்லையாம், ஒங்களுக்குப் போன் போட்டா எடுக்கலையாம். மருந்து வீணாயிரும்னு அவரே பைக்ல கொண்டாந்து குடுத்தாரு. தெறந்து பாத்தா பலாப்பழ வாசம்!"

அடைக்கலம் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சொர்ணம், அத எடுத்து ஃப்ரிட்ஜுல வையி. தொடாத. நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"ஃப்ரிட்ஜுல வைக்க என்ன இருக்கு? ஒங்களுக்குத்தான் வலியே இல்லையே. மருதாயி அக்காவுக்கு மூணு வருசமா முட்டி வலி. கோவமும் தீரட்டும்னு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தேன். குடிச்சதும் அக்கா சுவரப் புடிக்காம நடந்துச்சுங்க! இன்னொரு டம்ளர் கேட்டுச்சு. அப்புறம் அதுவே போயி, தெருவுல முட்டி வலிக்காரங்க அத்தன பேரையும் கூப்புட்டு வந்துருச்சு."

"அத்தன பேரையுமா?"

"ஒம்போது பேரு. வெறும் வயித்துல மருந்து வேணாம்னு உப்புக்கண்டத்தையும் முட்டை மாசையும் எடுத்து வச்சேன். ஒரு வாய் அது, ஒரு வாய் இதுன்னு எல்லாரும் சிரிச்சுக்கிட்டே உக்காந்துருக்காங்க. எனக்கு வலியெல்லாம் இல்ல, இருந்தாலும் நானும் அரை டம்ளர் குடிச்சுப் பாத்தேன். என்னா ருசிங்க! பாட்டில்ல இப்ப ஒரு சொட்டு இல்ல. இது எங்க வாங்குனது? மருதாயி அக்கா அடுத்த வாரத்துக்கும் கேக்குது."

பின்னணியில் மருதாயி உரக்கப் பாடுவது கேட்டது. முட்டி வலிக்காரர்கள் தாளம் போட்டார்கள்.

அடைக்கலம் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அழுகை வந்தது. கருப்பர் சந்நிதியில் அவன் கண் கலங்குவதைப் பார்த்து, பக்தி என்று நினைத்து ஒருத்தர் அவனுக்கு முன்னால் இடம் விட்டார். இன்னொருத்தரும் விட்டார். அப்படியே அவன் பூசாரிக்கு முன்னால் வந்து நின்றான்.

போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பீர் போனால் என்ன, கயிற்றுக்கு உண்டான மரியாதையைக் காப்பாற்றியாயிற்று. ஐஸில் வைத்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் மூடியைக்கூட முகராமல் இருந்தவன் இந்த ஜில்லாவில் வேறு எவன் இருக்கிறான்? அந்தப் பெருமையோடு இடது கையை நீட்டினான்.

"பூசாரி, ஆறு மாசம் ஒரு சொட்டு தொடல. கருப்பர் சாட்சி. குடிக்குக் கட்டுன கயித்த ஒங்க கையாலயே அவுத்து விடுங்க."

அய்யாக்கண்ணு அவன் கையைப் பிடித்து, நூல் நூலாக நைந்துபோன கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"குடிக்கு எங்கப்பா கட்டுனேன்? அன்னிக்கு நீ போதையில டிரான்ஸ்பார்மரப் பாத்து முனின்னு அலறுனதுக்காகக் கட்டுன பயக்கயிறு இது. மூணாம் நாளே அவுத்து எறிஞ்சிரலாம்னு ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லித்தான அனுப்புனேன்!"